வைரத்தோட்டுக்கு எந்த நிறம்: இ-எஃப், ஜி-ஹெச், ஐ-ஜே

"மகள் கல்யாணத்துக்கு ஏழு கல் தோடு எடுக்கிறோம். கடையில் இ-எஃப் எடுங்கள் என்கிறார்கள். ஜி-ஹெச் என்றால்தான் எங்கள் பட்ஜெட்டுக்குள் வருகிறது. பிற்பாடு மஞ்சள் அடிக்குமா?" நகை பற்றி எழுதுகிறவர்களிடம் வரும் கேள்விகளில் பெரும்பங்கு இந்த ரகம்தான். சிலர் மூக்குத்திக்குக் கேட்பார்கள், சிலர் ஒற்றைக்கல் மோதிரத்துக்கு. இந்த ஆங்கில எழுத்துகள் வைரத்தின் நிறத் தரத்தைச் சொல்பவை, டி-யிலிருந்து தள்ளிப் போகப் போக மஞ்சள் கூடும். எல்லாருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் தங்கத்தில், ஒவ்வொரு கல்லும் பத்து சென்டுக்குள் (நூறு சென்ட் ஒரு காரட்) இருக்கிற நகைக்கு ஜி-ஹெச் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல வெட்டுக்கும், ஒன்றுபோலப் பொறுக்கிய கற்களுக்கும் கொடுக்கலாம். இ-எஃப் வாங்க வேண்டிய இடங்களும் உண்டு. ஐ-ஜே வாங்கினால் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லத்தக்க இடங்களும் உண்டு.

மஞ்சள் அடிக்குமா என்ற பயத்துக்குப் பதில்: வைரத்தின் நிறம் காதில் போட்டுப் போட்டு மாறாது. வைரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும் குணம் உண்டு. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு மஞ்சள், அதன்மேல் சோப்பு என்று சேர்ந்தால் எந்தக் கல்லும் மங்கித்தான் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கல்லின் பின்பக்கத்தைத் தேய்த்தால் பழைய ஒளி வந்துவிடும். இது பின்பக்கம் திறந்த கட்டுக்கு மட்டும். மூடிய கட்டைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது.

## எழுத்துகள் எதை அளக்கின்றன

டி-யில் தொடங்கி இசட்டில் முடியும் இந்த அளவுகோல் அமெரிக்காவின் ஜிஐஏ என்ற ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அதுவரை ஆளாளுக்கு ஏ, பி, சி என்று ஏதோ ஒரு பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பம் ஒட்ட வேண்டாம் என்றுதான் டி-யில் ஆரம்பித்தார்கள். டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. கே, எல், எம் வந்தால் லேசான மஞ்சள். அங்கிருந்து கூடிக்கொண்டே போகும். இசட்டையும் தாண்டிய பளிச் மஞ்சளுக்கு 'ஃபேன்சி' என்று பெயர், அதன் விலைக்கணக்கே தனி. மஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம் கல் உருவானபோதே உள்ளே சேர்ந்த நைட்ரஜன்.

ஆய்வகத்தில் நிறம் பார்க்கும்போது கல்லைக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில், ஏற்கெனவே தரம் தெரிந்த மாதிரிக் கற்களோடு ஒப்பிடுவார்கள். நீங்கள் காதில் போடும்போது கல்லின் முகம் வெளியே பார்க்கும். நன்றாக வெட்டிய கல் ஒளியை முகத்தின் வழியே திருப்பி அடிக்கும்போது உடல் நிறத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தட்டுப்படாது. அதாவது, எதிரில் நிற்பவர் பார்க்காத கோணத்தில் அளந்த எழுத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

இன்னொன்று. கட்டிய நகையில் கல்லைத் துல்லியமாகத் தரம் பிரிக்க முடியாது. சுற்றியுள்ள தங்கத்தின் நிறம் கலந்துவிடும். அதனால்தான் நகைக்கு வரும் சான்றிதழ் அட்டையில் ஒற்றை எழுத்து இல்லாமல் 'இ-எஃப்', 'ஜி-ஹெச்' என்று ஜோடியாகப் போடுகிறார்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கல்லின் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து விஷயங்களைத் தீர்மானித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உலோகம். இதுதான் முதல். மஞ்சள் தங்கக் கூட்டில் உட்கார்ந்தால் டி கல்லும் கொஞ்சம் மஞ்சளை வாங்கிக் காட்டும். பக்கத்திலேயே அடர்மஞ்சள் இருப்பதால் ஹெச் கல்லும் வெள்ளையாகத் தெரியும். இரண்டுக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிடும். வெள்ளைத் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் கதை தலைகீழ். பக்கத்தில் சுத்த வெள்ளை இருப்பதால் கல்லில் இருக்கும் சின்ன மஞ்சளும் காட்டிக்கொடுத்துவிடும். கல்லைப் பிடிக்கும் இடத்துக்கு மட்டும் வெள்ளை ரோடியம் பூசிய மஞ்சள் தங்க நகைகள் கடைகளில் நிறைய. பூச்சு தேய்ந்தபின் அதுவும் மஞ்சள் தங்க நகைதான்.

கல்லின் அளவு. பத்து சென்ட் வட்டக்கல் சுமார் 3 மில்லிமீட்டர். ஐம்பது சென்ட் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு காரட், அதாவது நூறு சென்ட், ஆறரை மில்லிமீட்டர். நிறம் தெரிய இடம் வேண்டும், மூன்று மில்லிமீட்டரில் அதற்கு இடமில்லை.

ஒற்றைக்கல்லா, கூட்டமா. ஏழு கல் தோடு ஒரு ஜோடி என்றால் பதினான்கு கல். எல்லாம் ஹெச் என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. பதின்மூன்று எஃப், ஒன்று ஜே என்றால் அந்த ஒன்று மட்டும் புது வேட்டிக் கும்பலில் பழுப்பேறிய வேட்டி மாதிரி நிற்கும்.

கட்டு. பின்பக்கம் திறந்ததா, தங்கத்தால் மூடியதா. மூடிய கட்டில் கல்லின் பக்கவாட்டையும் அடியையும் பார்க்க வழியே இல்லை. நிறம் தங்கத்தோடு கலந்துதான் தெரியும்.

திரும்பக் கொடுப்பது. பிற்காலத்தில் மாற்றிப் பெரிய கல்லாக எடுக்கும் எண்ணம் உண்டா, பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடப் போகிறீர்களா.

| எதில் | இ-எஃப் | ஜி-ஹெச் | ஐ-ஜே |
|---|---|---|---|
| மஞ்சள் தங்கம், 10 சென்டுக்குள் | கூடுதல் காசு கண்ணுக்குத் தெரியாது | சரியான தேர்வு | வெட்டு நன்றாக இருந்தால் பரவாயில்லை |
| வெள்ளைத் தங்கம், பிளாட்டினம், சிறு கல் | நல்லது | போதும் | பக்கவாட்டில் தெரியும் |
| ஒற்றைக்கல், 50 சென்டுக்கு மேல், வெள்ளை உலோகம் | கொடுத்த காசுக்கு நியாயம் | ஜி சரி, ஹெச் பார்த்து எடுக்கவும் | வேண்டாம் |
| ஒற்றைக்கல், 50 சென்டுக்கு மேல், மஞ்சள் தங்கம் | தேவையில்லை | நன்று | பெரிய கல் வேண்டுவோருக்கு நல்ல வழி |
| மூடிய கட்டு | வீண் | போதும் | போதும் |

## இ-எஃப்

தென்னிந்தியக் கடைகளில் 'இ-எஃப் விவிஎஸ்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தே பிறந்தவை மாதிரி. இ-எஃப் என்பது நிறம், விவிஎஸ் என்பது உள்ளே இருக்கும் புள்ளி, கீறல்களைப் பற்றியது. பக்கத்துத் தட்டில் இருப்பது 'ஜி-ஹெச் விஎஸ்'. விஎஸ் என்பது விவிஎஸ்ஸுக்கு அடுத்த கீழ்ப்படி. இரண்டு தட்டுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் முழுவதும் நிறத்துக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இரண்டு படி ஏற்றத்துக்கு ஒரே பில் போடுகிறார்கள். விஎஸ் கல்லிலேயே உள்ளிருக்கும் குறை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எனவே நிறம்தான் முக்கியம் என்பவர்கள் "இ-எஃப்பில் விஎஸ் இருக்கா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டால் வரவழைத்துத் தருகிற கடைகள் உண்டு.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்து சென்ட் வீதம் பதினான்கு கல் என்றால் மொத்தம் 1.40 காரட். இரண்டு தட்டுக்கும் காரட்டுக்கு 15,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 21,000 ரூபாய் கூடுதல். அதன்மேல் நகைக்கான 3 சதவீத ஜிஎஸ்டி 630. உங்கள் கடை சொல்லும் வித்தியாசத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். அந்தப் பணத்தில் கல்லை எட்டு சென்டிலிருந்து பத்து சென்டாக்க முடியுமா என்றும் கேளுங்கள். அளவு வித்தியாசம் மண்டபத்தில் நாலாவது வரிசைக்கும் தெரியும்.

இ-எஃப்பை மனதார வாங்கச் சொல்வது: பிளாட்டினத்தில் ஒற்றைக்கல் மோதிரம், அரைக் காரட்டுக்கு மேல். எமரால்டு கட் மாதிரிப் படிக்கட்டு வெட்டு உள்ள கல் என்றால் இன்னும் கறாராக. அந்த வெட்டு ஜன்னல் மாதிரி உள்ளே பார்க்கவிடும், நிறத்தை மறைக்காது. அப்படிப்பட்ட கல்லைக் கட்டுவதற்கு முன்பே, உதிரியாக இருக்கும்போதே தரம் பார்த்த சான்றிதழோடு வாங்க வேண்டும். டி கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை: பெட்டகத்தில் வைக்கத்தான்.

## ஜி-ஹெச்

இதில் பெரிதாக விளக்க ஒன்றுமில்லை. தோடு, மூக்குத்தி, பேசரி, நெக்லஸ், வளையல் என்று நம் வீடுகளில் உண்மையில் வாங்கும் நகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பொருத்தம்.

ஒளிந்திருக்கும் செலவு ஒன்று உண்டு, அது கல் பொறுக்குவதில் இருக்கிறது. சிறு கற்கள் சூரத்தில் பட்டை தீட்டப்பட்டு, சல்லடையில் அளவு பிரிக்கப்பட்டு, பொட்டலம் பொட்டலமாக வருகின்றன. பொட்டலத்தின் மேல் ஜி-ஹெச் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓர் ஐ கல் எட்டிப் பார்ப்பது சகஜம். நல்ல கடை அதைப் பொறுக்கி எடுத்துவிடும். அவசரக் கடை கட்டிவிடும். தோட்டைக் கையில் வாங்கியதும் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். பளபளப்பு குறைந்து, நிறம் மட்டும் மிஞ்சும். தனித்து நிற்கும் கல் அப்போது தெரிந்துவிடும்.

## ஐ-ஜே, அதற்குக் கீழே

பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் தங்கள் பாட்டியின் தோட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். பழைய மூடிய கட்டில், 22 காரட் தங்கத்தில் இருக்கும் கற்களில் ஜே, கே, எல் எல்லாம் சாதாரணம். அந்தத் தோட்டைத்தான் ஊரே புகழ்ந்தது.

ஆபத்து எங்கே என்றால், அந்தக் கல்லைப் பிரித்து "மாடர்னாக" வெள்ளைத் தங்கத்தில், திறந்த கட்டில் மாற்றும்போது. பின்னாலிருந்த தங்கம் போனதும் கல்லின் சொந்த நிறம் வெளியே வரும். கடைக்காரர் கல்லை மாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் குடும்பங்களில் பல, உண்மையில் தங்கள் கல்லின் நிறத்தை முதல் முறையாகப் பார்க்கின்றன. பழைய கல்லை மாற்றிக் கட்டுவதென்றால் மஞ்சள் தங்கத்திலேயே கட்டுங்கள். கல்லைப் பிரித்ததும் உங்கள் கண்ணெதிரே எடை போட்டு, அளவும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக ஐ-ஜே வாங்கத் தகுந்த இடம், மஞ்சள் தங்கத்தில் பெரிய ஒற்றைக்கல். முக்கால் காரட் ஜி வாங்கும் பணத்தில் அதைவிடப் பெரிய ஜே கிடைக்கும். வெட்டு மட்டும் முதல் தரமாக இருக்க வேண்டும். இந்த நிறத்தில் சுமாரான வெட்டு சேர்ந்தால் கல் தூங்கி வழியும்.

## ப்ளூ ஜாகர்: பிரீமியமா, தள்ளுபடியா?

நம் ஊரில் மட்டும் இந்த எழுத்துகளுக்கு வெளியே ஒரு தரம் ஓடுகிறது. வெயிலில் பிடித்தால் நீலம் ஓடும் கல், 'ப்ளூ ஜாகர்'. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தில் நீலவெள்ளைக் கற்கள் கிடைத்தன. 1893இல் 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் என்ற கல் கிடைத்ததும் அங்கேதான். சுரங்கம் 1971இல் மூடியாயிற்று. பெயர் மட்டும் நம் கடைகளில் விலைச்சீட்டில் தங்கிவிட்டது. இன்று ப்ளூ ஜாகர் என்று விற்கும் கல் அந்தச் சுரங்கத்தினுடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கல்லுக்கு, அதாவது ஃப்ளோரசன்ஸ் உள்ள கல்லுக்கு, இந்தப் பெயரை வைக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சான்றிதழில் 'ஸ்ட்ராங் ப்ளூ' ஃப்ளோரசன்ஸ் என்று போட்டிருந்தால், அதுவும் டி முதல் எஃப் வரையிலான கல் என்றால், உலகச் சந்தையில் விலை குறையும். அதே கல்லுக்கு நம் பக்கத்து வாடிக்கையாளரிடம் கூடுதல் கேட்பார்கள். நீலம் ஓடும் கல் உயர்ந்தது என்ற பழைய ரசனை நமக்கு உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு நல்ல ப்ளூ ஜாகர் தோடு காலை வெயிலில் காட்டும் ஒளி அழகுதான். நீரோட்டம் என்று பெரியவர்கள் மெச்சுவது வெறும் கற்பனையும் இல்லை.

இங்கே பயன் யாருக்கு என்றால் ஐ-ஜே வாங்குபவர்களுக்கு. நீல ஒளிர்வு மஞ்சளைக் கொஞ்சம் அடித்துவிடும். பகல் வெளிச்சத்தில் கல் ஒரு படி வெள்ளையாகத் தெரியக்கூடும். ஆனால் அந்த உதவி சூரியன் இருக்கும்வரைதான். எல்இடி விளக்குகளில் புற ஊதா மிகக் குறைவு. ராத்திரி ரிசப்ஷனில் ஜே கல் ஜே கல்லாகவே இருக்கும். மிக வலுவான ஒளிர்வு உள்ள சில கற்கள் வெயிலில் எண்ணெய் பூசியது போலப் புகைமூட்டமாகத் தெரிவதும் உண்டு. எண்ணிக்கையில் அரிது, ஆனால் வாங்கும் முன் வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கூடுதல் விலை கேட்டால் ஒரு கேள்வி போதும்: "திரும்ப எடுக்கும்போது இந்தக் கூடுதலையும் சேர்த்துத்தான் எடுப்பீர்களா?" தயங்கினால் சாதாரண விலைக்குப் பேசுங்கள்.

## ஆய்வக வைரம் எடுத்தால்?

நிறத்தில் சமரசமே வேண்டாம் என்பவர்களுக்கு இது சுலபமான வழி. ஆய்வகத்தில் வளர்த்த கல்லில் டி, இ, எஃப் தாராளமாகக் கிடைக்கிறது, அதற்காக ஐ-ஜேவுக்கு இறங்கவே வேண்டாம். அந்த நிறம் அரிதாக இல்லாததால்தான் 2025 அக்டோபரிலிருந்து ஜிஐஏ ஆய்வகக் கற்களுக்கு எழுத்துத் தரம் கொடுப்பதையே விட்டுவிட்டு, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று மட்டும் குறிக்கிறது. வேறு ஆய்வகங்கள் எழுத்தைத் தொடர்கின்றன.

எழுத்து டி என்றாலும் சாயல் பாருங்கள். சிவிடி முறையில், அதாவது வாயுவிலிருந்து படலம் படலமாக, வளர்த்த கல்லில் பழுப்புச் சாயல் மிஞ்சியிருக்கலாம். அதிக அழுத்தமும் வெப்பமும் கொடுத்து வளர்க்கும் ஹெச்பிஹெச்டி முறையில் போரான் சேர்ந்தால் நீலச் சாயல் வரும். மறைந்திருக்கும் செலவு திரும்பக் கொடுக்கும்போது. இந்தக் கற்களின் விலை சில ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. போட்டு மகிழ வாங்கலாம், சேமிப்பு என்று வாங்கக் கூடாது.

## எழுத்தில் வராத மூன்று

வியாபாரிகள் தங்களுக்குள் "நோ பிஜிஎம்" என்று பேசிக்கொள்வார்கள். பிரவுன், கிரீன், மில்க்கி மூன்றும் இல்லாத கல் என்று பொருள். அளவுகோல் முக்கியமாக மஞ்சளுக்கானது. ஜே வரைக்கும் பழுப்பு ஓடும் கல்லுக்கும் மஞ்சள் ஓடும் கல்லுக்கும் ஒரே எழுத்துதான் விழும், கே-யிலிருந்துதான் பழுப்பு என்று தனியாக எழுதுவார்கள். பால் கலந்தாற்போல மங்கிய கல்லுக்கும் எழுத்து எஃப் என்று வரலாம். வியாபாரத்தில் இப்படிப்பட்ட கற்கள் குறைந்த விலைக்குக் கைமாறும். உங்களுக்கு மட்டும் முழு விலை. எஃப் மில்க்கியைவிட ஹெச் சுத்தக்கல் நூறு மடங்கு மேல். பில் போடும் முன் "பிஜிஎம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியைக் கேட்டதும் விற்பனையாளர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

## கடையில் நின்று பார்க்கும்போது

ஷோரூம் விளக்குகள் வைரத்தை விற்பதற்காகவே மாட்டியவை. நகையை வாசல் பக்கம், நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். உதிரிக்கல் என்றால் வெள்ளை விசிட்டிங் கார்டைப் பாதியாக மடித்து, மடிப்பில் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கல்லின் மேல் வாயால் ஊதினால் ஒரு கணம் ஆவி படியும். ஜொலிப்பு அடங்கி உடல் நிறம் மட்டும் தெரியும் அந்தக் கணம்தான் முக்கியம். பக்கத்தில் வேறொரு தரத்துக் கல்லையும் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் ஜே கூட வெள்ளைதான்.

மூடிய கட்டில் இதெல்லாம் செல்லாது. கல்லுக்குப் பின்னால் வெள்ளித் தகடோ பூச்சோ வைத்திருந்தாலும் வெளியே தெரியாது. கட்டும் முன் உதிரியாகக் காட்டச் சொல்வது ஒன்றே வழி. ஆர்டர் கொடுத்துச் செய்யும்போது இது நடக்கும்.

பில்லில் கல்லின் மொத்த சென்ட், எண்ணிக்கை, நிறம், தெளிவு, காரட் விலை, திரும்ப எடுக்கும் நிபந்தனை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். 'டைமண்ட்' என்று ஒரே வரியில் முடிக்கும் பில்லை ஏற்காதீர்கள். தங்கத்துக்குக் கல் நீக்கிய எடைக்குத்தான் விலை போட வேண்டும், ஐந்து காரட் கல் ஒரு கிராம். நகையில் இருக்கும் பிஐஎஸ் ஹால்மார்க்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி அடையாளக் குறியும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டுமே, கல்லுக்கு அது சாட்சி இல்லை. சான்றிதழ் எந்த ஆய்வகத்துடையது என்றும் பாருங்கள். கடையே அச்சடித்த அட்டை வேறு, தனி ஆய்வகம் கொடுத்தது வேறு. ஒரே கல்லுக்கு இரண்டு ஆய்வகங்கள் ஒரு எழுத்து வித்தியாசத்தில் தரம் தருவது நடக்கிற விஷயம். தாராளமாக எழுத்துப் போடும் ஆய்வகத்தின் எஃப், கறாரான ஆய்வகத்தின் ஜி-யாக இருந்துவிடலாம். இரண்டு கடை விலையை ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே ஆய்வகத்தின் சான்றிதழ் உள்ள இரண்டு நகைகளை ஒப்பிடுங்கள்.